மூச்சு வாங்கும் நாய்க்கு வீட்டில் ஆக்சிஜன் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜிம்மிக்கு 12 வயது, எடை 11 கிலோ. இதய வால்வு பழுதாகிவிட்டது என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள். போன வாரம் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறியதால், மருத்துவமனையில் ஆக்சிஜன் கூண்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு மாத்திரைகளோடு வீட்டுக்கு அழைத்து வந்தோம். பகலில் பரவாயில்லை. ராத்திரியானால் படுக்காமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறான். அப்பாவுக்காக வாங்கிய 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சும்மா கிடக்கிறது. பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டு, டியூபைச் சொருகி, ஜிம்மியை உள்ளே படுக்க வைக்கலாமா? எத்தனை லிட்டர் வைக்க வேண்டும்? எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? தம்பியோ, "அவனை ஏன் இன்னும் கஷ்டப்படுத்துகிறாய்?" என்கிறான்.
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "படுக்காமல் உட்கார்ந்தபடியே." இதய நோய் உள்ள நாய் ராத்திரி முழுக்கப் படுக்க மறுத்தால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். நுரையீரலில் மறுபடி நீர் கோக்கிறது, இப்போது கொடுக்கும் மாத்திரை அளவு போதவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். இதற்கு ஆக்சிஜன் மருந்து இல்லை. இந்தப் பதிலைப் படிக்கும் நேரத்திலும் ஜிம்மி அப்படியே உட்கார்ந்திருந்தால், மீதியை அப்புறம் படியுங்கள். இப்போதே உங்கள் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ராத்திரி என்றால் இரவுநேரச் சிகிச்சை இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

நுரையீரலில் நீர் கோக்கும்போது, காற்றும் ரத்தமும் சந்திக்க வேண்டிய நுண்ணிய காற்றறைகள் நீரால் நிரம்பிவிடுகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 40 ஆக்கினால், இன்னும் நீர் ஏறாமல் வேலை செய்கிற அறைகள் வழியாக அதிக ஆக்சிஜன் உள்ளே போகும், நாய்க்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகும். நீர் மட்டும் அங்கேயேதான் இருக்கும். அதை வடிக்கிற வேலை ஃபியூரோசமைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்துடையது. ஆக்சிஜன் வாங்கிக் கொடுப்பது நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் மருந்து வேலை செய்ய வேண்டும், அல்லது நீங்கள் மருத்துவமனை போய்ச் சேர வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களிடம் நான் பார்க்கும் பெரிய ஆபத்தே, "கொஞ்சம் ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம்" என்ற எண்ணம்தான்.

அதனால் இயந்திரத்தை எடுத்துத் துடைப்பதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். ஜிம்மி நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கனவில் கால் உதறும்போதும், வெயிலில் வந்து நாக்கைத் தொங்கப் போட்டிருக்கும்போதும் எண்ண வேண்டாம், அந்தக் கணக்கு உதவாது. தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. வழக்கமாக 20 இருந்தவன் இரண்டு மூன்று நாளில் 28, 32 என்று ஏறினால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓய்வில் 40-ஐத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். "ரொம்ப மூச்சு வாங்குகிறான்" என்று போனில் சொல்வதைவிட, "நேற்று 26, இன்றைக்கு 38" என்று சொன்னால் மருத்துவரால் உடனே முடிவெடுக்க முடியும்.

எண்ணிக்கையோடு தோரணையையும் பாருங்கள். முழங்கைகள் விலாவிலிருந்து விலகி நிற்பது, கழுத்தை முன்னால் நீட்டுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்வாங்குவது, மூக்கு விடைப்பது – இவையெல்லாம் திணறலின் அடையாளங்கள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். நீலமோ சாம்பலோ தெரிந்தால் நிலைமை முற்றிவிட்டது. நீலம் கடைசியில்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு வாங்கிய விரல் ஆக்சிமீட்டரும் வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஜிம்மியின் காதில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். முடியும் கருப்புத் தோலும் அசைவும் சேர்ந்து அதைக் குழப்பிவிடும். அதில் காட்டும் நாடித்துடிப்பு நீங்கள் நெஞ்சில் கை வைத்து எண்ணிய துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால், பக்கத்தில் காட்டும் சதவீதத்தையும் நம்ப வேண்டாம்.

சரி, இப்போது அப்பாவின் இயந்திரம். கான்சன்ட்ரேட்டர் மனிதனுக்கானாலும் நாய்க்கானாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். அறைக் காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற பொருளில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதியை வெளியே விடுகிறது. நல்ல நிலையில் இருந்தால் வருவது 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். ஆனால் நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் அந்த ஜியோலைட் ஈரத்தை இழுத்துக் கெட்டுப் போகலாம். அப்புறம் இயந்திரம் வழக்கம்போல உறுமும், டியூபில் காற்றும் வரும், ஆனால் அது கிட்டத்தட்ட அறைக் காற்றாகவே இருக்கும். அதனால் விற்பவரிடமோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்து, ஆக்சிஜன் அளவை மீட்டர் வைத்துச் சோதித்து வாங்குங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். டியூப் புதிதாக இருக்கட்டும். ஈரப்பதக் குப்பி பயன்படுத்தினால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தினமும் மாற்றுங்கள். பழைய நீர் தேங்கிய குப்பி, சிரமப்படும் நுரையீரலுக்குக் கிருமியை அனுப்பும்.

இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், அது மூச்சு விட வேண்டும். முடிந்தால் பக்கத்து அறையில் வைத்து, தயாரிப்பாளர் அனுமதிக்கும் நீளத்துக்குள் டியூபை மட்டும் ஜிம்மியிடம் கொண்டுவாருங்கள். அந்தச் சத்தம் நமக்குப் பழகிவிடும். மூச்சுக்குத் தவிக்கும் நாய்க்கு அது இன்னொரு பயம். இயந்திரம் போட்டவுடனே முழு அளவு ஆக்சிஜன் வராது, சில நிமிடங்கள் ஓட வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது புதிதாக வாங்குவதாக இருந்தால், தோளில் மாட்டும் சிறிய வகையில் ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பல, மூக்கில் டியூப் பொருத்திய மனிதர் மூச்சை இழுக்கும் அந்த நொடியில் மட்டும் ஆக்சிஜனை விடும். நாயின் முகத்துக்கு முன்னால் பிடித்தால் அவற்றுக்கு மூச்சே தெரியாது. தொடர்ச்சியாக ஓட்டம் தரும் வகைதான் நமக்குத் தேவை.

பெட்டி யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிம்மி திரும்பிப் படுக்கிற அளவுக்குப் பெட்டி வேண்டுமென்றால் 80 செ.மீ. நீளம், 55 அகலம், 60 உயரம் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 260 லிட்டர் கொள்ளளவு. உங்கள் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு 5 லிட்டர். பெட்டியின் அளவுக்குச் சமமான ஆக்சிஜன் உள்ளே போகவே 50 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதிலும் ஒரு பங்கு ஓட்டை வழியே வெளியேறிவிடும். நடுவில் ஒருமுறை மூடியைத் திறந்து தலையைத் தடவிக் கொடுத்தால் சேர்ந்ததில் பெரும்பங்கு போய்விடும். உள்ளே இருக்கிற நாயோ மூச்சு வழியாகத்தான் உடம்புச் சூட்டை இறக்குகிறது. மூடிய பெட்டியில் சூடும் ஈரமும் ஏறும், வெளிவிட்ட கரியமில வாயு சேரும். சூடு ஏறினால் இன்னும் வேகமாக இரைக்கும், இரைத்தால் ஆக்சிஜன் தேவை இன்னும் கூடும். மருத்துவமனைக் கூண்டும் பெட்டி மாதிரிதானே என்று கேட்பீர்கள். அதில் குளிரூட்டலும், ஈரத்தைக் குறைக்கிற வசதியும், கரியமில வாயுவை வெளியேற்றுகிற வழியும் சேர்ந்து வேலை செய்கின்றன, ஆக்சிஜன் அளவைக் காட்டும் மீட்டரும் உண்டு. இவை எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பெட்டியில் ஜிம்மியை மூடி வைத்துவிட்டு நீங்கள் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்றே செய்த ஆக்சிஜன் கூண்டுகள் வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களும் உண்டு. அது வேறு விஷயம், மருத்துவர் சொன்னால் எடுக்கலாம்.

நான் முதலில் சொல்லித் தருவது டியூபை மூக்கருகே பிடிப்பதைத்தான். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வீட்டில் பெரும்பாலும் இதுவே போதும். ஜிம்மி எங்கே இருக்கப் பிரியப்படுகிறானோ அங்கேயே விடுங்கள். உட்கார்ந்திருந்தால் உட்காரட்டும், படுக்கச் சொல்லி அழுத்தக் கூடாது. ஓட்டத்தை நிமிடத்துக்கு 2 அல்லது 3 லிட்டரில் வைத்து, டியூபின் முனையை மூக்குத் துவாரத்திலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி வேண்டாம், எந்த நாயும் முகத்தில் காற்று ஊதினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். கன்னத்தின் பக்கமாகக் கொண்டுவந்து, உங்கள் உள்ளங்கையைக் குழித்து மூக்குக்குக் கீழே வைத்து, அந்தக் குழிவில் ஆக்சிஜன் தேங்கும்படி செய்யுங்கள். இந்த முறையில் அவன் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 25 முதல் 40 சதவீதம் வரை போகும். தலையை ஆட்டி விலகினால் விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். போராட்டம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிடித்து அமுக்கிக் கொடுக்கும் ஆக்சிஜனை, திமிறுவதிலேயே அவன் செலவழித்துவிடுவான்.

கை வலிக்கும், உண்மைதான். நீண்ட நேரம் கொடுக்க வேண்டியிருந்தால் கழுத்துக் கூம்பைப் பயன்படுத்தலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயத்தை நக்காமல் இருக்கக் கட்டிவிடுவார்களே, அதே பிளாஸ்டிக் கூம்பு. ஓர் அளவு பெரியதாக வாங்கி, திறந்த முன்பக்கத்தில் கீழிருந்து மேலாக முக்கால் பாகம் வரை உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். மேலே கால் பாகம் திறந்தே இருக்கட்டும். சூடான மூச்சு மேலே எழும்பி அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். டியூபைக் கழுத்துப் பக்கமாக உள்ளே விட்டு, தாடைக்குக் கீழே டேப்பால் ஒட்டுங்கள். முதல் சில நிமிடம் ஓட்டத்தைக் கூட்டி வைத்து, அப்புறம் குறைக்கலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை உங்கள் மருத்துவர் முன்னால் ஒருமுறை செய்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

கூம்பு போட்டபின் பிளாஸ்டிக் தாளையே பார்த்துக்கொண்டிருங்கள். லேசாகப் பனி படிந்து மறைந்தால் சரி. நீர்த்துளி கோத்து வழிய ஆரம்பித்தால் உள்ளே ஈரமும் சூடும் கூடிவிட்டன, இடைவெளியைப் பெரிதாக்குங்கள். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்க ஆரம்பித்தால் கழற்றிவிடுங்கள். கூம்போடு நாயைத் தனியே விட்டுவிட்டு நகரக் கூடாது, ஐந்து நிமிடம்கூட. அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், மின்விசிறியோ ஏசியோ ஓடட்டும். மூக்கை இறுக மூடும் மாஸ்க் இன்னும் அதிக ஆக்சிஜன் தரும், ஆனால் குறைந்த ஓட்டத்தில் இறுக்கிப் பிடித்தால் வெளிவிட்ட மூச்சையே திரும்ப இழுப்பான். தளர்வாகப் பிடிக்கிற அளவுக்கு ஜிம்மி சம்மதித்தால் பார்க்கலாம். மூக்கினுள் செருகும் டியூபை மருத்துவர் போட்டுத் தந்தால் மட்டுமே. மனிதருக்கான இரட்டை முனை டியூப் நாயின் மூக்கில் பெரும்பாலும் நிற்காது, தும்மித் தள்ளிவிடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தீர்கள். ஆக்சிஜனும் அளவு மீறினால் நுரையீரலைப் புண்ணாக்கும் என்பது உண்மை. ஆனால் அது 60 சதவீதத்துக்கு மேல் ஒரு நாளையும் தாண்டித் தொடர்ந்து கொடுக்கும்போது வரும் கவலை. டியூபை மூக்கருகே பிடிக்கும் நீங்கள் அந்த அளவை எட்டமாட்டீர்கள். வீட்டுக் கடிகாரம் வேறு ஒன்றுக்குத் தேவை. ஆக்சிஜன் தொடங்கி, மருத்துவர் முன்பே சொல்லி வைத்த கூடுதல் மாத்திரையும் கொடுத்து, அரை மணி நேரத்தில் மூச்சின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கவில்லை என்றால் கிளம்ப வேண்டும். நடுவில் மோசமானால் அரை மணியும் கிடையாது. அந்தக் கூடுதல் மாத்திரை பற்றி இதுவரை பேசியிராவிட்டால் கேட்டுவிடுங்கள். எத்தனை, எப்போது, ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கூட்டிக் கொடுக்கக் கூடாது, சிறுநீரகம் தாங்காது. ஒன்றுக்கு அடிக்கடி போகிறானே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடவும் வேண்டாம்.

நெருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் அது நிறைந்த இடத்தில் சின்னப் பொறியும் நொடியில் பெருந்தீயாகும். நாயின் ரோமமும் படுக்கையும் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இயந்திரத்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான். சிகரெட், மெழுகுவர்த்தி, எரியும் அடுப்பு எதுவும் அந்த அறையில் கூடாது. காய்ந்த மூக்குக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சிலிண்டர் வைத்திருந்தால் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கையே படக் கூடாது, இறுக்கமாக இருக்கிறதென்று ஒரு சொட்டு எண்ணெய் விடுவது ஆபத்தான காரியம்.

சிலிண்டர் ஒன்று தேவைப்படும் என்றே நினைக்கிறேன். கரண்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் நின்றுவிடும். வண்டியிலும் அது உதவாது. 400 லிட்டர் வாயு உள்ள சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். 1,500 லிட்டர் உள்ளது எட்டு மணி நேரம் தாண்டும். மொத்த லிட்டரை ஓட்டத்தால் வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும், அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மருத்துவர் சீட்டு கேட்பார்கள்.

இதய நோய் இல்லாத வேறு நாய்களுக்காக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சுக்கூட்டில் நுரையீரலுக்கு வெளியே நீர் சேர்ந்திருந்தால் ஊசி வைத்து நீரை எடுத்தால்தான் விடிவு. கடுமையான ரத்த சோகையில் ஆக்சிஜனைச் சுமக்க ரத்தமே இல்லை, டியூப் பெரிதாக உதவாது. நோய் என்னவென்று தெரியாமல் இயந்திரம் வாங்காதீர்கள்.

உங்கள் தம்பிக்கு வருகிறேன். அவர் கேட்பது தவறான கேள்வி இல்லை, ஆனால் பதில் இன்றைக்கே தெரியாது. மருந்தைச் சரி செய்தபின் ஜிம்மி படுத்துத் தூங்கி, எப்போதாவது ஒரு ராத்திரி மட்டும் ஆக்சிஜன் தேவைப்பட்டால், அதைக் கஷ்டப்படுத்துவது என்று நான் சொல்லமாட்டேன். மருந்தை மாற்றிப் பார்த்த பிறகும் நிலைமை இறங்கினால், இதைப் பாருங்கள்: டியூபை எடுத்துவிட்டு அவனால் தண்ணீர் குடித்து, ஒருவாய் சாப்பிட்டு, வெளியே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டுத் திரும்ப முடிகிறதா? அதற்கே மூச்சு முட்டினால், ஆக்சிஜன் அவனுடைய நாட்களைத் தாங்கவில்லை, திணறலைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் பேசுவது கைவிடுவது ஆகாது. மூச்சுத் திணறல் வலியைவிடப் பயங்கரமானது, நள்ளிரவில் திணறத் திணற முடிவெடுக்கும் நிலை வருவதற்கு முன்பே பகலில் உட்கார்ந்து பேசிவிடுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு.

மருத்துவரிடம் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஏசி போட்டுக் குளிர வையுங்கள். சிலிண்டர் உருளாதபடி கட்டி வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், வண்டிக்குள் ஆக்சிஜன் தேங்கக் கூடாது. ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பின்னால் டியூபைப் பிடித்துக்கொள்ளட்டும். ஜிம்மியை மடியில் கட்டிப் பிடிக்காமல் நெஞ்சும் வயிறும் அழுந்தாதபடி உட்கார விடுங்கள். கிளம்பும்போதே போன் செய்து, "இதய நோய், மூச்சுத் திணறல், இத்தனை நிமிடத்தில் வருகிறோம்" என்று சொன்னால், நீங்கள் போய் இறங்கும்போது அங்கே ஆக்சிஜனும் ஊசியும் தயாராக இருக்கும். மாத்திரைப் பட்டையையும் மூச்சு எண்ணிய நோட்டையும் எடுத்துப் போக மறக்க வேண்டாம்.